ஏழு பிடி விதை

பாதுகாப்புக் காலணியைக்கூடக் கழற்றாமல் முழங்காலிட்டு உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் வலக்கையை விடுகிறார் வேலுச்சாமி. உள்ளங்கையை அல்ல, புறங்கையை. பகலெல்லாம் கம்பி கட்டிக் காய்த்துப்போன உள்ளங்கைக்கு ஈரம் தெரியாதாம். கையை வெளியே எடுத்து மோந்து பார்க்கிறார். பிறகு குளிக்கிற குவளையில் பாதித் தண்ணீர் கொண்டுவந்து விரல் நுனியால் தெளிக்கிறார். "குடிங்க, நல்லாக் குடிங்க. இன்னிக்கு சைட்ல நாங்களே ஆளுக்கு நாலு பாட்டில் குடிச்சோம்" என்கிறார், கட்டிலுக்கு அடியில் இருப்பவர்களிடம்.

அங்கே இருப்பது முளைப்பாரி. கழுத்தளவு வெட்டிய பெயிண்ட் வாளி ஒன்றில், வெளிச்சம் படாத வெளிர் மஞ்சள் நிறத்தில் முளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வெளிச்சம் புகாதபடி கட்டில் விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டிருக்கிறார். ஏசி காற்று கீழே இறங்காமல் அட்டை ஒன்றைச் சாய்த்து ஒட்டியிருக்கிறார். முதல் வருடம் அந்தக் காற்று பட்டு நுனியெல்லாம் கருகிப்போனதை இன்றைக்கும் ஒரு விபத்தைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில், எட்டுப் பேர் படுக்கும் அறை அது. அடுக்குக் கட்டிலில் கீழ்க்கட்டில் கிடைப்பதற்காகச் சண்டை போட்டவர்கள், சிகரெட் பாக்கெட் கொடுத்துப் பேரம் பேசியவர்கள் எல்லாம் உண்டு. வேலுச்சாமி மூன்று வருடம் மேலே படுத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். முதுகு வலி அவருக்கும் உண்டு. ஆனாலும் அவர் கேட்டது கட்டிலை அல்ல, கட்டிலுக்கு அடியில் இருக்கும் இருட்டை.

வேலை, கம்பி கட்டுவது. இருபது மாடிக் கட்டடத்தின் எலும்புக்கூட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குச் சதை வைக்கும் முன்பே அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிற வேலை. ஷேக் சாயித் சாலையில் பஸ் போகும்போது, "இந்த பில்டிங்ல பதினாலாம் மாடி வரைக்கும் நம்ம முடிச்சு" என்று யாரும் கேட்காமலே சொல்வார். நாற்பத்தேழு வயது, நரைத்த மீசை. சட்டைப் பையில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி எப்போதும் இருக்கும். பேசும்போது அதை முறுக்கிக்கொண்டேயிருப்பார், பேச்சு முடிந்ததும் நிமிர்த்தி உள்ளே போட்டுக்கொள்வார். அவருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே பதில்தான். சம்பளம் தாமதமா, "முளைச்சுரும்." விசா புதுப்பிக்கவில்லையா, "முளைச்சுரும்யா." லிப்ட் நின்றுபோய் இருபது மாடி ஏற வேண்டுமா, அப்போதும் அதேதான். சொல்லிவிட்டு முதல் ஆளாக ஏறத் தொடங்குவார். அவருடைய நம்பிக்கையைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களும் பின்னாலேயே ஏறுவார்கள்.

சிவகங்கைப் பக்கத்தில் ஒரு பெரிய கண்மாய். வடகரையில் நாலு ஊர், தென்கரையில் மூணு ஊர், சேர்த்துச் சொன்னால் ஏழூர். ஏழுக்கும் ஒரே அம்மன், பங்குனியில் ஒரே முளைப்பாரி. ஊருக்கு ஒரு பிடி விதை வரும். ஏழு பிடியும் ஒரே வீட்டு இருட்டறையில் எட்டு நாள் வளரும். விதை விழுந்த நேரத்திலிருந்து பாரி வாசலைத் தாண்டுகிற வரை, அந்தக் கூரைக்குக் கீழே யாரும் குரலை உயர்த்தக் கூடாது. பாட்டுக்கூட முணுமுணுப்புதான். எட்டாம் நாள் பாரியை நீர்க்கரைக்குத் தூக்கிப்போய்ப் பெண்கள் குலவை போட்டதும் தடை நீங்கும். அதுவரை சேர்த்துவைத்த சண்டைகளையெல்லாம் அதற்குமேல் போட்டுக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

ஊரில் இது முழுக்கப் பெண்கள் காரியம். கேம்பில் பெண்களுக்கு எங்கே போவது? தொண்ணூற்றெட்டில் வேலுச்சாமி முதல் வாளியை வைத்தபோது கேலி பண்ணாதவன் பாவி. "மீசை வச்சுக்கிட்டுப் பாரி போடுறாருப்பா" என்று பக்கத்து பிளாக்கிலிருந்துகூட வந்து எட்டிப் பார்த்தார்கள். "அம்மனுக்கு நான் விசா எடுத்துக் குடுக்கல, அவளாத்தான் நம்ம பின்னால வந்துட்டா. வந்தவளப் பட்டினி போடவா சொல்ற?" என்றார் இவர். ரவுண்டானாவில் பூச்செடி நடுகிற முனிசிபாலிட்டி ஆட்களிடம் மண் கேட்டார். ஆட்டுச் சந்தைக்குப் போய் எருவைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது வருடத்திலிருந்து, கேலி பண்ணியவர்களே தண்ணீர் தெளித்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

கேம்ப் பாஸ் கௌஸ் முகம்மது ஹைதராபாத்துக்காரர், கண்டிப்பானவர். ஒருமுறை சோதனைக்கு வந்து விரிப்பைத் தூக்கி டார்ச் அடித்தவர், அடியில் புல் வளர்வதைப் பார்த்துத் திகைத்துப்போனார். வேலுச்சாமி தனக்குத் தெரிந்த இந்தி, அரபி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, "பாய், கர் கா ஹை. எட்டு தின். கலாஸ்" என்றார். வீட்டுச் சமாச்சாரம், எட்டே நாள், அப்புறம் முடிந்தது என்று அர்த்தம். கௌஸ் முகம்மது விரிப்பை மெதுவாக இறக்கிவிட்டார். "எட்டு தின். ஒன்பதாவது தின் மாஃபி" என்று விரலைக் காட்டி, ஒன்பதாம் நாள் இருக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். மறுநாள் அவரே கதவருகில் வந்து, எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று கையால் கேட்டார்.

குலவை மட்டும் வேலுச்சாமிக்கு வராது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருதரம் முயன்றதில் இருமல் வந்து, வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டும்படி ஆயிற்று. அதனால் குலவை ஊரிலிருந்து போனில் வரும். மகள் அருணா பதின்மூன்று வயதிலிருந்தே போடுகிறாள். எட்டாம் நாள் காலை கடற்கரையில் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாரிக்கு நேராகப் பிடிப்பார்கள். அருணாவின் குலவை இரைச்சலோடு வந்து விழும். வாளி கடலுக்குள் போகும்.

இந்த 2007 பங்குனியில் அருணாவுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். கிராமத்திலிருந்து பிரசவ ஆஸ்பத்திரி இருபத்தாறு கிலோமீட்டர். போன ஐப்பசியில் அதே தெருப் பெண் ஒருத்தியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் பிரசவமாகிக் குழந்தை தங்கவில்லை. மனைவி கனகா இதைப் போனில் சொன்ன நாளில் வேலுச்சாமி கம்பித் துண்டை முறுக்கி முறுக்கி ஒடித்துவிட்டார். அவருக்குப் பயம் வந்து அறை பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஆத்திரம் என்னவென்றால், ஏழூருக்கென்று ஆம்புலன்ஸ் வேன் ஒன்று இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால், வளைகுடாவில் இருக்கும் ஏழூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே சங்கமாக இருந்தபோது வாங்கியது. வேன் ஊருக்கு வந்த அடுத்த மாதமே, அது வடகரையில் நிற்பதா தென்கரையில் நிற்பதா என்று ஆரம்பித்தது. துபாயில் இருப்பவர்கள் பெரும்பாலும் வடகரை, ஓமானின் சோஹார் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் தென்கரை. சங்கம் இரண்டாயிற்று. வடகரைச் சங்கத் தலைவர் ஸ்ரீனிவாசன் வேனின் சாவியை எடுத்துக்கொண்டார். தென்கரைச் சங்கத் தலைவர் ரகுநாதன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டார். இருவருமே விடுமுறை முடிந்து அவற்றைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். சாவி துபாயில், புத்தகம் சோஹாரில், வேன் கண்மாய்க் கரைச் சுகாதார நிலையத்துக் கொட்டகையில். "உள்ள கோழி அடைகாக்குது. ஏழு முட்டை, ஊருக்கு ஒண்ணு" என்றாள் கனகா.

வேலுச்சாமி இரண்டு தலைவர்களிடமும் பேசிப் பார்த்தவர்தான். ஸ்ரீனிவாசன் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், நல்ல மனுஷன். தென்கரை என்ற வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் குரல் இரண்டு மாடி ஏறிவிடும். ரகுநாதன் இன்ஜினியர், குடும்பத்தோடு இருப்பவர், படித்த தோரணையில் ஆரம்பித்து அதே இரண்டாவது மாடியில் போய் நிற்பார். மூன்று முறை சமாதானக் கூட்டம் போட்டார்கள். மூன்றிலும் வேன் பேச்சு பத்தாவது நிமிடத்தில் செத்தது. மற்ற நேரமெல்லாம் கத்தல்தான்.

மாசிக் கடைசியில் வேலுச்சாமி சோஹாருக்குப் போன் போட்டார். வேனைப் பற்றி மூச்சுவிடவில்லை. "அண்ணே, பங்குனி வருது. மூணு வருசமா நாலு பிடியில பாரி போட்டு எனக்கே மனசு ஒப்பல. உங்க கரைப் பிடி மூணு வேணும்" என்றார். விதைப் பிடி கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற வழக்கம் ஏழூரில் கிடையாது. அனுப்பி வைப்பதும் கிடையாது, அவரவர் கையால் போட வேண்டும். ரகுநாதன், "சரி வேலு, வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றார். ஸ்ரீனிவாசனுக்கும் அதே வெள்ளிக்கிழமை, அதே நேரம். இருவருக்கும் மற்றவர் வருவது தெரியாது. கௌஸ் முகம்மதுவிடம் விருந்தாளிகளுக்கு அனுமதி மட்டும் வாங்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீனிவாசன் முதலில் வந்தார். நாலு ஊருக்கும் அவர் கையாலேயே விதை போட்டு முடித்தபோது ரகுநாதன் கதவைத் திறந்தார். ஸ்ரீனிவாசனின் முகம் சிவந்தது, வாய் திறந்தது. வேலுச்சாமி வாளியைப் பார்த்தார். அவ்வளவுதான், திறந்த வாய் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ரகுநாதன் காலணியைக் கழற்றி, கைகழுவி வந்து, பாசிப்பயறும் தட்டைப்பயறும் கலந்த மூன்று பிடியைப் போட்டார். வேலுச்சாமி வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, விரிப்பை இறக்கி, இருவர் கையிலும் பால் கலக்காத சுலைமானி டீயைக் கொடுத்தார். "இனிமே எட்டு நாளைக்கு இந்த ரூம்ல சத்தம் கூடாது. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இப்ப வேனைப் பத்திப் பேசுவமா?" என்றார்.

எதிரெதிர்க் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தலைவர்களும் சண்டையைத் தொடங்கினார்கள், கிசுகிசுப்பாக. "நீங்க செஞ்சது பச்சைத் துரோகம்" என்று ரகுநாதன் சொன்னது ஏசி இரைச்சலில் ஸ்ரீனிவாசனுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று முன்னால் குனிந்தார். "துரோகம்னேன்." "யாரு?" இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் ரகுநாதனே எழுந்து இந்தப் பக்கக் கட்டிலில், அவரை ஒட்டி வந்து உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் அவர்கள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அறையிலிருந்த மற்றவர்கள் சிரிப்பை அடக்கத் தலையணையைத் தேடினார்கள். காதோரம் போய்க் கிசுகிசுத்துக்கொண்டு ஒருவரை எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? அரை மணியில் வசை தீர்ந்துவிட்டது. பேச வேண்டியது மட்டும் மிஞ்சியது.

வேலுச்சாமி அதுவரை குறுக்கே பேசவில்லை. கையிலிருந்த கம்பித் துண்டை நிமிர்த்திப் பையில் போட்டுக்கொண்டு, "வண்டி வடகரையில நின்னாலும் சரி, தென்கரையில நின்னாலும் சரி, எனக்குக் கவலையில்ல. எம் மகளுக்கு மாசம் இது. போன தடவ அந்தத் தெருவுல ஒரு புள்ள போச்சு. அது எந்தக் கரைப் புள்ளன்னு ஆஸ்பத்திரியில யாரும் கேக்கல" என்றார். அவர் குரலும் கிசுகிசுப்புதான். ஆனால் ஏசி சத்தத்தைத் தாண்டி எட்டுக் கட்டிலுக்கும் கேட்டது.

ஸ்ரீனிவாசன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். ரூம் சாவி, ஸ்டோர் சாவிகளுக்கு நடுவில் வேன் சாவி தொங்கியது. மூன்று வருடமாக அவர் போகிற இடமெல்லாம் அதுவும் போயிருக்கிறது. ரகுநாதன் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரிலிருந்து ஆர்.சி. புத்தகத்தோடு திரும்பி வந்தார். "வீட்டுல வச்சா தொலைஞ்சுரும்னு கார்லயே வச்சிருக்கேன். நம்ம வேன் ஒரு அடி நகரல, அதோட புத்தகம் ஓமான் பூராச் சுத்திருச்சு" என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. வேன் இப்போது நிற்கிற கொட்டகையிலேயே நிற்பது, சாவி சுகாதார நிலைய நர்ஸ் அம்மாவிடம் இருப்பது, இரண்டு சங்கமும் பழையபடி ஏழூர்ச் சங்கமாவது என்று முடிவாயிற்று. பாரியை இனி வருடாவருடம் ஏழு பிடியில்தான் போடுவது, சோஹாரிலிருந்து ஆள் வர முடியாத வருடம் துபாய்க்காரர்கள் வாளியை அங்கே கொண்டுபோய் அவர்கள் கையால் போட வைப்பது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தக் கடைசி ஷரத்தை எழுதச் சொன்னவர் ஸ்ரீனிவாசன்.

அறைவாசி அன்பரசன் எலக்ட்ரீஷியன், ஞாயிற்றுக்கிழமை லீவில் ஊருக்குப் போக இருந்தான். சாவியும் புத்தகமும் அவன் கைப்பையில் போயின. செவ்வாய்க்கிழமை கோழியை இடம் மாற்றினார்கள். புதன்கிழமை புது பேட்டரி வந்தது. வியாழக்கிழமை மாலை அன்பரசன் போன் செய்து, "வண்டி இருமுதுண்ணே, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. டீசல் பைப்பெல்லாம் அடைச்சுக் கெடக்கு" என்றான். செய்தி கேட்டு ஸ்ரீனிவாசன் வேலை முடிந்த கையோடு டாக்சி பிடித்து வந்தார். சோஹார்க்காரன் பராமரிப்புக்கு ஒத்துழைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கத்தத்தான் வந்தார். கதவைத் திறந்ததும் விரிப்பு கண்ணில் பட்டது. கத்துவதற்காக வெளியே போனார். பஸ் நிற்கிற மைதானம்வரை நடந்தார். திரும்பி வந்து, "மெக்கானிக்கு ஏற்பாடு பண்ணுவம். ரகுநாதனுக்குத் தெரிஞ்ச ஆள் தேவகோட்டையில இருக்கானாம், நான் பேசிட்டேன்" என்றார்.

"முளைச்சுரும் தலைவரே" என்றார் வேலுச்சாமி. சொன்னாரே தவிர, அன்றைக்குப் புறங்கையை வாளிக்குள் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. அருணாவுக்கு நாள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது என்று கனகா சொல்லியிருந்தாள். தலைப்பிள்ளை சொன்ன நாளில் வராது என்பது அவருக்குத் தெரியும்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்னால் பத்துப் பேர், பிக்னிக் போகிறவர்கள்போலச் சாப்பாட்டுப் பையும் பாயுமாக மம்சார் கடற்கரையில் இறங்கினார்கள். வாளியைத் துண்டால் மூடியிருந்தார்கள். ரகுநாதன் சோஹாரிலிருந்து இருட்டோடு கிளம்பி வந்துவிட்டார். அவரும் ஸ்ரீனிவாசனும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் தண்ணீரில் நின்றார்கள். துண்டை விலக்கியதும் ரகுநாதன் குனிந்து பார்த்தார். ஏழு பிடியும் ஒரு சாண் உயரத்துக்கு, எது எந்த ஊர் என்று பிரிக்க முடியாமல் வளர்ந்திருந்தன.

வேலுச்சாமி ஊருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாவது முறையும் எடுக்காதபோது எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கம்பித் துண்டை எடுத்தார், முறுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. கனகாதான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது. "ஏங்க, விடியக்காலம் வலி வந்துருச்சு. நம்ம வண்டியிலதான் போறோம். ராத்திரியே அந்த மெக்கானிக்கு வந்து சரி பண்ணிட்டாரு. நர்ஸ் அம்மாவும் கூட வர்றாங்க. பாதி வழி தாண்டிட்டோம். கேக்குதா, சங்கு?" என்றாள். கேட்டது. ஸ்பீக்கரில் ஆம்புலன்ஸின் அந்த ஊதல் சத்தம் மம்சார் கடற்கரையில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது. ரகுநாதன் ஸ்ரீனிவாசனின் தோளைப் பிடித்துக்கொண்டார், அலையில் நிலை தடுமாறியவர்போல.

"பாரி தூக்கியாச்சா? இருங்க, அவளால முடியல, நான் குலவை போடுறேன்" என்றாள் கனகா. பின்னால் அருணா முனகுவது கேட்டது.

"நீ அவ கையப் புடிச்சுக்க. அத நான் பாத்துக்கிறேன்" என்றார் வேலுச்சாமி.

போனை அணைத்து ஸ்ரீனிவாசனிடம் கொடுத்தார். வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனார். ஒரு கையால் வாளியைப் பிடித்து, மறு கையை வாயருகே வைத்து, நரைத்த மீசைக்குக் கீழே நாக்கைச் சுழற்றினார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அவர் நிறுத்தவில்லை.